கறுப்புத் திரையில் மந்தைவெளி

வகுப்பு: 11, கணினி அறிவியல்
கால அளவு: இரண்டு பாடவேளைகள்
தேவையானவை: உபுண்டு அல்லது பாஸ் லினக்ஸ் நிறுவிய கணினி, கட்டத்தாள், வண்ணப் பென்சில்கள்

லினக்ஸின் கறுப்புத் திரையைத் திறந்ததும் மாணவர்கள் இரண்டு கேள்விகள் கேட்பார்கள். "நிறமெல்லாம் எங்கே போச்சு, சார்?", "தமிழ் ஏன் வரலை?" இரண்டாவதற்கு, "கம்ப்யூட்டருக்குத் தமிழ் தெரியாது" என்று அவர்களே பதிலும் சொல்லிவிடுவார்கள். அந்த எண்ணம் மனத்தில் தங்கிவிடக் கூடாது. அதற்காகவே எண்முறைகளையும் உபுண்டுவையும் இணைத்து, மந்தைவெளியில் என் வகுப்பில் இச்செயல்பாட்டை நடத்துகிறேன்.

செயல்பாடு 1: ஒரு புள்ளிக்கு எத்தனை பிட்?

மந்தைவெளி வழியே ஓடும் பேருந்துகளின் மின்னணு வழித்தடப் பலகையிலிருந்து தொடங்கலாம். ஒரே நிறப் பலகையில் ஒவ்வொரு புள்ளியும் எரியும் அல்லது அணையும். அதற்கு 1 பிட் போதும். 4 பிட் என்றால் 16 நிறங்கள், 8 பிட் என்றால் 256, 16 பிட் என்றால் 65,536, 24 பிட் என்றால் 1,67,77,216. இதுவே நிற ஆழம்.

அடுத்து நினைவகக் கணக்கு. 1024 × 768 திரையில் 7,86,432 புள்ளிகள் உள்ளன. 8 பிட் ஆழத்தில் அதே அளவு பைட்டுகள் தேவை. 24 பிட் ஆழத்தில் மூன்று மடங்கு தேவை.

செயல்பாடு 2: நிறத்தைக் கொடுத்து எழுத்தை வாங்குதல்

கட்டத்தாளில் 16 கட்டங்கள் வரையச் சொல்லுங்கள். 1987இல் ஐபிஎம் வெளியிட்ட விஜிஏ முறையின் எழுத்துத் திரையில் ஓர் எழுத்துக்கு இந்த 16 பிட்டுகள்தாம். எழுத்தைக் குறிக்க 8, எழுத்தின் நிறத்துக்கு 4, பின்னணிக்கு 3, மினுக்கத்துக்கு 1. 80 × 25 எழுத்துகள் கொண்ட முழுத் திரையும் 4,000 பைட்டில் அடங்கிவிடும்.

இப்போது கேளுங்கள்: "256க்குப் பதில் 512 வடிவங்கள் வேண்டுமென்றால் 9ஆவது பிட் எங்கிருந்து வரும்?" எழுத்தின் நிறத்திலிருந்து ஒரு பிட்டை எடுக்க வேண்டும், 16 நிறங்கள் 8 ஆகிவிடும். லினக்ஸ் செய்வதும் இதுவே. இன்றைய கணினிகள் 24 பிட் திரையில் கறுப்புத் திரையை வரைந்தாலும், 512 என்ற எல்லையை லினக்ஸ் தாண்டுவதில்லை.

"தமிழில் 247 எழுத்துதானே சார், 512இல் அடங்குமே?" என்று ஒரு மாணவராவது கேட்பார். அக்கேள்வியே அடுத்த செயல்பாட்டுக்கு வாசல்.

செயல்பாடு 3: 5 எழுத்து, 9 குறியீடு

கோப்பு மேலாளரில் 'மந்தைவெளி' என்ற பெயரில் ஒரு கோப்புறை உருவாக்குங்கள். கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 விசைகளைச் சேர்த்து அழுத்தி, கறுப்புத் திரையில் நுழைந்து பட்டியலைப் பாருங்கள். பெயருக்குப் பதில் கட்டங்களோ சாய்சதுரங்களோ தெரியும்.

இனி கரும்பலகைக்கு வாருங்கள். நாம் படிப்பது ம, ந், தை, வெ, ளி என 5 எழுத்துகள். யூனிகோடு முறையில் கணினி சேமிப்பது ம, ந, புள்ளி, த, ஐகாரக் குறி, வ, எகரக் குறி, ள, இகரக் குறி என 9 குறியீடுகள். 'வெ' என்பதில் ஒற்றைக்கொம்பு 'வ'வுக்குப் பின்னே சேமிக்கப்படுகிறது. எழுதும்போது முன்னே வர வேண்டும். கறுப்புத் திரை ஒரு குறியீட்டுக்கு ஒரு வடிவம் என வரிசையாக வைக்கும். கொம்பை இடம் மாற்றாது. தமிழ் எழுத்துரு சேர்த்தாலும் சொல் சரியாக அமையாது. வரைகலைத் திரையில் ஹார்ஃப்பஸ் போன்ற மென்பொருள் அவ்வேலையைச் செய்கிறது.

எஃப்1 அல்லது எஃப்2 விசையால் வரைகலைத் திரைக்குத் திரும்பினால் பெயர் ஓரெழுத்தும் சிதையாமல் இருக்கும். சேமிப்பது வேறு, காட்டுவது வேறு என்பதை மாணவர்களே சொல்லட்டும்.

மதிப்பீடு

1. 1024 × 768 திரைக்கு 16 பிட் ஆழத்தில் எத்தனை பைட்டுகள் தேவை?
2. உங்கள் பெயரில் எத்தனை எழுத்துகள், எத்தனை குறியீடுகள்?
3. "கம்ப்யூட்டருக்குத் தமிழ் தெரியாது" என்னும் நண்பருக்கு மூன்று வரிகளில் விடை எழுதுக.