கரிசல் மண்ணும் அதன் வகைப்பெயரும்

நாக்பூரிலிருந்து மேற்கே அமராவதி நோக்கிச் செல்லும் சாலையின் இருபுறமும் கரிய நிலம் விரிந்து கிடக்கிறது. கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கங்களிலிருந்து இங்கே படிக்க வந்துள்ள நம் மாணவர்கள் அதைக் கண்டதும், "இஃது எங்கள் ஊர்க் கரிசல்தானே!" என்பார்கள். மராத்தியர் இதனைக் காளி மாதி என்பர்; தெலுங்கர் ரேகடி என்பர். பழைய ஆங்கில நூல்களில் காணும் 'ரெகூர்' என்ற பெயர் அந்தத் தெலுங்குச் சொல்லிலிருந்து வந்ததே. நிறமும் கோடை வெடிப்பும் இரண்டு இடங்களிலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. பருத்தியும் இரண்டிலும் விளைகிறது. அப்படியானால் இரண்டும் ஒரே மண்தானா?

இந்தக் கேள்விக்கு மேற்பரப்பைப் பார்த்து விடை சொல்ல இயலாது. மண்ணியலார் எவ்வாறு விடை காண்கிறார்கள் என்பதையும், அந்த விடையில் உள்ள ஓர் எண் உழவனுடைய விளைச்சலை எவ்வாறு தொடுகிறது என்பதையும் இக்கட்டுரையில் காண்போம்.

நிறம் போதிய சான்று அன்று

கரிசல் கறுப்பாக இருப்பதால் அதில் மட்கு நிறைய இருக்கும் என்று பலர் எண்ணுகின்றனர். உண்மை அதற்கு மாறானது. நம் நாட்டுக் கரிசலில் அங்ககக் கரிமம் பெரும்பாலும் நூற்றுக்கு ஒரு பங்குக்கும் குறைவே. இருக்கும் சிறிதளவு மட்கு களித்துகள்களோடு இறுகப் பிணைந்து நிற்பதால்தான் மண் கறுத்துத் தோன்றுகிறது.

இம்மண்ணின் இயல்பை ஆள்வது ஸ்மெக்டைட் என்னும் களிக்கனிமம். அதன் மெல்லிய தகடுகளுக்கு இடையே நீர் புகுந்தால் மண் உப்பும். நீர் வெளியேறினால் சுருங்கும். கோடையில் வெடிப்பதும் மழையில் வெடிப்பு மூடிக்கொள்வதும் இதனால்தான். வெடிப்புக்குள் மேல்மண் சரிந்து விழுகிறது. மழை வந்து மண் உப்பும்போது அடிமண்ணுக்கு இடம் போதாமல் அது பக்கவாட்டில் நெருக்கி மேலே தள்ளுகிறது. தானே உழுதுகொள்ளும் மண் என்று இதனைச் சொல்வது இது பற்றியே. 1960-இல் அமெரிக்க மண்ணியலார் புதிய வகைப்பாட்டு முறையை வெளியிட்டபோது, 'திருப்புதல்' என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லை அடியாகக் கொண்டு இதற்கு வெர்ட்டிசால் என்று பெயரிட்டனர்.

குழியில் காண்பவை

மண் அளவாய்வு குழியிலிருந்து தொடங்குகிறது. நிலத்தின் ஏற்ற இறக்கத்தைப் பார்த்து, ஒவ்வொரு வகை நிலத்துக்கும் ஒரு குழியாக, ஒன்றரை மீட்டர் ஆழம் தோண்டுவார்கள். குழிக்குள் இறங்கி, வெயில் படும் சுவரைக் கத்தியால் செதுக்கி, மேலிருந்து கீழாக அடுக்கு அடுக்காகக் குறிப்பெடுப்பார்கள்.

ஒவ்வோர் அடுக்குக்கும் குறிக்கவேண்டியவை பல. ஆழத்தை அளவு நாடா சொல்லும். நிறத்தை வாயால் சொன்னால் போதாது. மன்செல் வண்ணப் புத்தகத்தின் சில்லுகளோடு ஒப்பிட்டு, '10 ஒய்.ஆர். 3/1' என்பதுபோல எண்ணால் எழுதவேண்டும். ஈரமண்ணை விரல்களுக்கிடையே நாடாவாக இழுத்துப் பார்த்தால் களியின் மிகுதி தெரியும். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஒரு சொட்டு விட்டால், சுண்ணாம்பு உள்ள இடம் நுரைத்துப் பொங்கும். கரிசலின் ஆழத்தில் சுக்கான் கற்கள் வெண்ணிற உருண்டைகளாகக் கிடப்பதும் உண்டு.

கரிசலுக்கே உரிய சிறப்பு அடையாளம் அரை மீட்டர் ஆழத்துக்கு அருகில் தென்படும். மண்கட்டியைப் பிளந்தால், மெழுகு பூசியதுபோலப் பளபளக்கும் சாய்ந்த தளங்களைக் காணலாம். உப்பிய மண் ஒன்றன்மேல் ஒன்று உரசி வழுக்கியதால் உண்டான தளங்கள் அவை. அவற்றை வழுக்குத் தளங்கள் என்போம். மண் அசைந்ததற்கு அவையே நேரடிச் சான்று.

பெயர் பிறக்கும் முறை

குழியில் எடுத்த மண் ஆய்வகத்துக்குச் செல்லும். அங்கே களியின் அளவு, காரத்தன்மை, சுண்ணாம்பு, உப்பு, களித்துகள்கள் பிடித்துவைத்துள்ள கால்சியம், மக்னீசியம், சோடியம் ஆகியவற்றை அளப்பார்கள். இந்த எண்களையும் குழிக் குறிப்பையும் சேர்த்துக்கொண்டு, கதவு கதவாகத் திறந்து செல்வதுபோல வகைப்படுத்தவேண்டும்.

முறையை விளக்க ஒரு குழியைக் கற்பித்துக்கொள்வோம். கீழ்வரும் எண்கள் கணக்குக்காக நாம் வைத்துக்கொண்டவை. எந்த ஊருக்கும் உரியவை அல்ல.

முதல் அடுக்கு, 0 முதல் 15 செ.மீ. வரை: களி 55 விழுக்காடு, பரிமாற்றத் திறன் 50 அலகு, அதில் சோடியம் 1 அலகு.

இரண்டாம் அடுக்கு, 15 முதல் 50 செ.மீ. வரை: களி 58 விழுக்காடு, பரிமாற்றத் திறன் 52, சோடியம் 2.6.

மூன்றாம் அடுக்கு, 50 முதல் 100 செ.மீ. வரை: களி 60 விழுக்காடு, பரிமாற்றத் திறன் 50, சோடியம் 4. வழுக்குத் தளங்கள் நிறைய உண்டு.

மேல்மண்ணின் நிறம் 10 ஒய்.ஆர். 3/2. கரையும் உப்பு மிகக் குறைவு. டிசம்பர் தொடங்கி மே முடிய வெடிப்புகள் திறந்திருக்கின்றன.

முதற்கதவு: இது வெர்ட்டிசால்தானா? மூன்று நிபந்தனைகள் நிறைவேறவேண்டும். மேலிருந்து 50 செ.மீ. வரை களி 30 விழுக்காட்டுக்குக் குறையக்கூடாது, குறையவில்லை. வழுக்குத் தளம் உள்ள அடுக்கு 100 செ.மீ. ஆழத்துக்குள் தொடங்கி, 25 செ.மீ. பருமனாவது இருக்கவேண்டும், இருக்கிறது. வெடிப்புகள் ஆண்டுதோறும் திறந்து மூடவேண்டும், அதுவும் உண்டு. ஆகவே இது வெர்ட்டிசால். உலக மண்களின் 12 பெருவகுப்புகளுள் இஃது ஒன்று.

இரண்டாம் கதவு தட்பவெப்பம். மழையை நம்பும் நிலத்தில் வெடிப்பு ஆண்டுக்கு 90 நாளாவது திறந்திருந்தால் அஃது உஸ்டெர்ட். 'எரிந்த' என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லே இதன் முன்னொட்டு. மூன்றாம் கதவில், உப்பு, ஜிப்சம், சுண்ணாம்பு ஆகியவை செறிந்த தனி அடுக்குகளோ அமிலத்தன்மையோ இல்லாத எளிய வகை என்பதால், ஹாப்ளஸ்டெர்ட் என்று பெயர் பெறுகிறது. 'ஹாப்ளோ' என்றால் கிரேக்கத்தில் எளியது.

நான்காம் கதவில்தான் சிக்கல் இருக்கிறது.

5-ஆ, 15-ஆ?

பரிமாற்றத் திறனில் சோடியம் எத்தனை விழுக்காடு என்று பார்ப்போம். நம் குழியில் முதல் அடுக்கில் 2, இரண்டாவதில் 5, மூன்றாவதில் 8. அமெரிக்க வகைப்பாட்டின்படி 100 செ.மீ. ஆழத்துக்குள் இவ்வெண் 15-ஐத் தொட்டால்தான் அம்மண் சோடிய வகை. நம் மண் தொடவில்லை. எனவே அது 'டிபிக்', அதாவது மாதிரி வகை, குறையற்ற கரிசல்.

இந்த 15 எங்கிருந்து வந்தது? அமெரிக்காவில் கலிபோர்னியாவின் ரிவர்சைடு நகரிலிருந்த உப்புநில ஆய்வகம் 1954-இல் வெளியிட்ட கையேட்டில் களர் நிலத்துக்கு வகுத்த எல்லை அது. ஆஸ்திரேலிய மண்ணியலார் தம் நிலத்தைப் பார்த்து 6 என்று எல்லை வகுத்தனர். 1976-இல் நிறுவப்பட்ட தேசிய மண் அளவாய்வு மற்றும் நிலப் பயன்பாட்டுத் திட்டமிடல் நிறுவனம் நம் நாக்பூரில்தான் இருக்கிறது. அதன் ஆய்வாளர்கள் விதர்பாவின் பருத்தி நிலங்களை ஆராய்ந்து, கரிசலுக்கு இவ்வெல்லை 5 ஆக இருத்தல் வேண்டும் என்று வாதிட்டுள்ளனர்.

அவர்கள் காட்டும் காரணம் தெளிவானது. சோடியம் மிகுந்தால் களித்துகள்கள் ஒன்றையொன்று விட்டுப் பிரிந்து, நுண்துளைகளை அடைத்துவிடும். களி குறைந்த மண் இதனை ஓரளவு தாங்கும். நூற்றுக்கு 50, 60 பங்கு ஸ்மெக்டைட் களி நிறைந்த கரிசலோ, சிறிதளவு சோடியத்துக்கே நீரைக் கீழே விட மறுக்கும். நீர் இறங்கும் வேகம் மணிக்கு 10 மில்லிமீட்டருக்குக் கீழே போய்விட்டால், பெய்த மழை அடிமண்ணைச் சென்று சேராது. விதர்பாவில் பருத்தி பெரும்பாலும் மானாவாரிப் பயிர். பருவமழை ஓய்ந்த பிறகு அடிமண்ணில் தங்கிய ஈரத்தைக் குடித்தே அது காய் பிடிக்கவேண்டும். அந்த ஈரம் இல்லையேல் செடி வாடும்.

இப்போது நம் குழிக்குத் திரும்புவோம். மூன்றாம் அடுக்கில் 8 என்பது அமெரிக்க எல்லையின்படி நல்ல மண். நாக்பூர் ஆய்வாளர் எல்லையின்படி கெட்டுவரும் மண். மண் மாறவில்லை, கோடுதான் மாறியது. ஆனால் வரைபடத்தில் 'மாதிரி வகை' என்று வண்ணம் தீட்டிவிட்டால், கால்வாய் நீர் கொண்டுவரத் திட்டமிடுவோர் அந்த நிலத்துக்குத் தயங்காமல் நீர் விடுவர். கீழே இறங்காத நீர் தேங்கும். 'சோடிய வகை' என்று எழுதியிருந்தால், முதலில் வடிகால் அமைத்து ஜிப்சம் இட ஏற்பாடு செய்வர்.

இரண்டு கரிசல்கள்

இனி முதற்கேள்விக்கு வருவோம். நாக்பூர் அருகே உள்ள லிங்கா என்னும் ஊரின் பெயரால் வழங்கும் லிங்கா தொடர், மாதிரி வகை ஹாப்ளஸ்டெர்ட். இங்கே மழை ஆண்டுக்கு 1000 மில்லிமீட்டருக்கு மேல். மேற்கே பூர்ணா ஆற்றுப் பள்ளத்தாக்கில், அகோலா, அமராவதி, புல்டாணா மாவட்டங்களில், மழை குறைகிறது. வறட்சி மிகுந்த இடத்தில் மண்நீரிலுள்ள கால்சியம் சுண்ணாம்பாகப் படிந்து விலகிவிட, களியின்மேல் சோடியத்தின் பங்கு ஏறுகிறது. அங்கே அடிமண் காரமேறிக் கெட்டிருப்பது இதனால்தான்.

கோவில்பட்டியில் மழை இன்னும் குறைவு; ஏறத்தாழ 700 மில்லிமீட்டர். அப்படியானால் அங்குள்ள கரிசல் பூர்ணாவினும் கெட்டிருக்கவேண்டும் அன்றோ? அவ்வாறு இல்லை. கோவில்பட்டித் தொடரின் அடிமண்ணில் ஜிப்சம் இருக்கிறது. சுண்ணாம்பைவிட ஜிப்சம் நீரில் எளிதில் கரைந்து, இடைவிடாமல் கால்சியத்தைத் தந்து, சோடியத்தைக் களியின்மேல் ஏறவிடாமல் தடுக்கிறது. ஆகவே அதன் பெயர் ஜிப்சிக் ஹாப்ளஸ்டெர்ட். உழவர் விலை கொடுத்து வாங்கி இடும் மருந்து, அங்கே நிலத்தினடியிலேயே அமைந்திருக்கிறது.

வேறு வேற்றுமைகளும் உண்டு. இங்கே கரிசலின் தாய்ப்பாறை, சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பு உறைந்து உண்டான தக்காணத்துப் பசால்ட்; அது தென்கோடி வரை செல்லவில்லை. கோவில்பட்டிப் பக்கத்தில் நைஸ் வகைப் பாறைகளே மிகுதி. நாக்பூரில் கோடைக்கும் குளிருக்கும் மண்ணின் வெப்பம் 6 பாகைக்கு மேல் வேறுபடும். அங்கே அவ்வளவு வேறுபடாது. ஆதலால் குடும்பப் பெயரில் அதற்கு 'ஐசோ' என்னும் முன்னொட்டு சேர்கிறது. பெருவகுப்பு, உள்வகுப்பு, பெருங்குழு வரையில் இரண்டும் ஒன்றே. அதற்குக் கீழே பிரிந்துவிடுகின்றன. ஒரு தாத்தாவின் பேரன்மார் போன்றவை எனலாம்.

ஆகவே, "எங்கள் ஊர்க் கரிசல்தான்" என்று சொன்ன நண்பர்கள் முற்றும் தவறவில்லை. ஆயினும் கோவில்பட்டியில் நன்றாக நடந்த ஒரு நீர்ப்பாசன முறையை அப்படியே பூர்ணாப் பள்ளத்தாக்குக்குக் கொண்டுவந்தால், நிறத்தை நம்பியதன் விலையை உழவனே கொடுக்கவேண்டியிருக்கும்.

நம் சங்கத்து மாணவருள் பொறியியல் பயில்வோர் நாளை கால்வாய் வெட்டுவர். பொருளியல் பயில்வோர் கடன் திட்டம் வகுப்பர். அவர்கள் கையில் மண் வரைபடம் வரும்போது, வண்ணத்தை மட்டும் பார்த்து நிறைவடையாமல், "சோடிய எல்லையை எந்த எண்ணில் வைத்து இதை வரைந்தீர்கள்?" என்று கேட்கவேண்டும். அந்த நிலத்தின் உழவரிடம், மழை பெய்தபின் எந்த வயலில் நீர் நெடுநாள் நிற்கிறது என்றும் கேட்கவேண்டும். ஏப்ரல் மாதத்தில் வெடிப்புகள் நன்கு திறந்திருக்கும். அப்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊர்ப்புறத்துக்கு நடந்து சென்று, ஒரு கிணற்றின் வெட்டுச்சுவரையேனும் உற்றுப் பாருங்கள். வழுக்குத் தளங்களை நீங்களே கண்டுகொள்ளலாம்.