துறையறிந்து இறங்குதல்

அப்போஸ்தலர் நடபடிகளின் 27 ஆம் அதிகாரம், கரையொன்றைத் தேர்ந்தெடுத்த வரலாற்றைக் கூறுகின்றது. பவுல் ஏறிச்சென்ற மரக்கலம் பதினான்கு இரவு புயலில் அலைப்புண்டு, ஒரு விடியலில் நிலத்தருகே வந்து நின்றது. நிலம் இன்னதென்று கப்பலாட்களுக்குத் தெரியவில்லை. ஆயினும் மணற்கரையுள்ள சிறு குடாவொன்றைக் கண்டு, அதனையே துணையாகக் கொண்டு நங்கூரங்களை விட்டுவிட்டனர். இருபுறமும் கடல் மோதுமோரிடத்திற் கலம் தட்டிப் பின்னணியம் உடைந்தது. எனினும் 276 பேரும் கரை சேர்ந்தனர். அந்நிலமே மத்தியதரைக் கடலிலுள்ள மெலித்தா, இக்காலத்து மால்டாத் தீவு. இன்று அதன் குடாக்களுள் எது அழகிது என ஆராய்ந்து செல்வார் பலர். அன்று தேர்ந்தவர்களோ உயிரின் பொருட்டுத் தேர்ந்தனர்.

எம் தமிழ்க் கழகத்தார் வரும் ஆண்டில் ஒரு கடற்கரைக்குச் செல்லக் கருதியிருத்தலின், எக்கரை ஏற்றது என்பதை ஈண்டு ஆராய விழைகின்றேன். கோவிற்பட்டிக்குத் தூத்துக்குடிக் கடல் ஏறக்குறைய 60 கிலோமீட்டர் தொலைவே. ஆயினும் கரிசற்காட்டு மாணவராகிய யாம் கடலை அறியோம். எமக்கு நீச்சல் கற்பித்தவை தோட்டத்துக் கிணறுகள். கிணற்று நீர் நின்ற இடத்தில் நிற்கும். இறங்கினவனை அது எங்கும் கொண்டுபோவதில்லை. பள்ளிப் பருவத்தில் என் நண்பன் ஒருவன், கிணற்றில் மும்முறை சுற்றி மூச்சடக்கி மூழ்க வல்லவன், ஒரு கடற்கரையில் அலை குறைந்து அமைதியாய்த் தோன்றிய இடத்தையே நாடி இறங்கினான். இமைப்பொழுதில் கழுத்தளவு நீருக்கும் அப்பால் அகன்றுவிட்டான். கட்டுமரத்தில் வந்த முதியவர் ஒருவர் அவனைத் தலைமயிர் பற்றித் தூக்கிக் கரையில் இட்டார். பின்னர் அவர் எம்மை நோக்கி, "நீந்தத் தெரிஞ்சா மட்டும் போதுமாய்யா? கடலைப் பாக்கத் தெரிய வேண்டாமா?" என்று கேட்டார்.

அவர் கூறியதன் பொருள் பின்னரே எனக்கு விளங்கிற்று. அலைகள் கரைமேற் கொணர்ந்து கொட்டும் நீர் மீண்டும் கடலுக்குத் திரும்ப வேண்டுமன்றோ? மணல் பள்ளமாயிருக்கும் ஓர் இடைவெளியைக் கண்டு அஃது அவ்வழியே விரைந்து வெளியேறும். அவ்விடத்தில் ஆழம் மிகுதியாதலின் அலை உடைவதில்லை. மேற்பரப்பு அடங்கித் தோன்றும். எனவே, இருபுறமும் நுரை பொங்க நடுவே மட்டும் அமைதியாய்க் கிடக்கும் நீரே அஞ்சத்தக்கது. அதில் அகப்பட்டவன் கரைநோக்கி நீந்திக் களைத்தலாகாது. கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி ஓட்டத்தை விட்டு விலகி, அதன் பின்னரே திரும்புதல் வேண்டும்.

கடலைப் பார்க்கத் தெரிந்தோர் வைத்த பெயர்கள் எம் மொழியில் நிரம்பவுள. கரை, துறை, கழி, காயல், கானல், முனை, அலைவாய் என்பவற்றை ஒருபொருட் பன்மொழி என்று எண்ணி யான் நெய்தற் பாட்டுக்களைப் படித்துவந்தேன். அஃது என் பிழை. துறை என்பது இறங்குதற்கு அமைந்த இடம். காயல் இறங்குதற்கு ஆகாதது. பழையகாயல், புன்னைக்காயல், காயல்பட்டினம் என்னும் மூன்றும் தாமிரபரணி கடலொடு கலக்கும் பகுதியைச் சார்ந்தன. முத்துக்குப் பெயர்பெற்ற கொற்கைத் துறைமுகம் இன்று கடலைவிட்டு உள்ளே கிடப்பது அவ்வாறு கொணர்ந்த வண்டலால். கால்டுவெல் ஐயர் அங்கே அகழ்ந்து ஆராய்ந்தனர். தமிழ் மாணவர் ஒருமுறையேனும் காணத்தக்க இடம். ஆனால் சேறும் இடம்மாறும் மணல்திட்டும் உள்ள ஆற்றுமுகம் நீராடுதற்கு ஏற்றதன்று. சீரலைவாய் என்னும் திருச்செந்தூரைப் பற்றிப் பெயரே கூறிவிடுகின்றது.

கரிசலுக்கு உரிமையான கரைகள் வைப்பாறும் வேம்பாறும் ஆம். சாத்தூரைத் தழுவிவரும் வைப்பாறு, ஆண்டின் பெரும்பகுதி மணலாய்க் கிடந்தும், முடிவிற் சேர்வது அக்கடலையே. அங்கே அலை மெலிது. காரணம், தூத்துக்குடி முதல் இராமேசுவரம் வரை வரிசையாய்க் கிடக்கும் பவளத் தீவுகளும் பார்களும் மதில்போல் நின்று அலையைத் தடுத்தலே. அவை 21 தீவுகள். அவற்றுள் ஒன்று நல்லதண்ணித் தீவு, மற்றொன்று உப்புத்தண்ணித் தீவு. பெயரிட்டவர் எம்மூராரைப் போலவே முதலில் தண்ணீரைச் சுவைத்துப் பார்த்தவராதல் வேண்டும்! சுண்ணாம்பிற்காகப் பவளப் பாறைகளைப் பல்லாண்டு வெட்டியெடுத்தமையாற் காப்பிழந்து, விலாங்குசல்லி, பூவரசன்பட்டி என்னும் இரண்டு தீவுகள் நீரில் மூழ்கின. 1986 இல் இப்பகுதி தேசியப் பூங்காவாக்கப்பட்டது. இசைவின்றித் தீவுகளில் இறங்குதல் தடையாயிற்று. இவ்வளைகுடாவின் மிக அழகிய கரைகள் எம் பட்டியலினின்று நீங்கினமைக்கு யான் வருந்தவில்லை.

தூத்துக்குடியில் துறைமுகமும் உப்பளமும் காணலாம். அதற்கு ஒரு முற்பகல் போதும். குமரிமுனைக்குச் செல்ல நண்பர் பலர் விரும்புகின்றனர். யான் உடன்படேன். அப்பக்கத்துக் கரைக்குத் தென்கடலினின்று தடையின்றி அலை வருகின்றது. நெடுந்தொலைவிலுள்ள தென் இந்துமாக்கடலில் எழும் புயலின் அலை, இங்கே காற்றே இல்லாத நாளிலும் திடீரெனப் பெருகி ஏறும். மீனவர் அதனைக் கள்ளக்கடல் என்பர். 2024 மே மாதத்தில் எச்சரிக்கை விடுத்திருந்தும், அம்மாவட்டத்துக் கணபதிபுரத்தை அடுத்த கரையில் மருத்துவ மாணவர் ஐவர் அதற்கு இரையாயினர். எம்மினும் சில ஆண்டே மூத்தவர்.

யான் தேர்வது மணப்பாடு. திருச்செந்தூருக்குத் தெற்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டரில், மணற்குன்றொன்று கடலுள் நீண்டு முனையாயிருக்கின்றது. அதன் ஒதுக்கில் படகுகள் தங்கும். குன்றின்மேல் 1581 இல் எழுந்த திருச்சிலுவைக் கோயில். கீழே, 1542 இல் வந்த சவேரியார் தங்கிய குகை. புயலில் உடைந்த போர்த்துக்கேசியக் கலமொன்று இங்கே ஒதுங்க, அதன் பாய்மரத்தாற் செய்த சிலுவையை நட்டனர் என்பது அவ்வூர் வழிவழிச் செய்தி. மெலித்தாவைப் படித்தவர்க்கு இக்கரை புதிதன்று. செல்லும் வழியில் குதிரைமொழித் தேரியைக் கண்டால், கரிசலும் செம்மணலும் வெண்மணலும் ஒரே காலையிற் கிடைக்கும்.

செல்லுதற்கேற்ற காலம் மழை ஓய்ந்த தை, மாசி. புறப்படும் முன்னர் ஐதராபாத்திலுள்ள கடல்சார் தகவல் மையத்தின் அன்றைய அறிவிப்பைப் பார்த்தல் வேண்டும். சென்றதும் கால்மணி நேரமேனும் கரையிலிருந்து அலை உடையும் இடங்களை நோக்கிய பின், ஊராரைக் கேட்டே இறங்குதல் வேண்டும். ஞாயிறன்று அவர்கள் வழக்கமாகக் கடலுக்குப் போவதில்லை. ஆதலின் படகு வந்தணையும் காட்சியைக் காண விரும்புவோர் சனிக்கிழமை செல்க. உலர விரித்த வலைகளைச் சுற்றிக்கொண்டு நடக்க.