ஓய்வுக்குப் பிறகு: தீரா நோயாளியின் வீட்டுக்குத் துணையாகச் செல்வது எப்படி?

பணி ஓய்வு பெற்று ஆறு மாதம் ஆகிவிட்டதா? "சும்மாதானே இருக்கீங்க" என்று வீட்டில் சொல்லத் தொடங்கியிருப்பார்கள். உங்கள் ஊரிலேயே இன்னொரு வீட்டில் ஒருவர் படுத்த படுக்கையாக இருப்பார். அவரை விட்டு ஒரு மணி நேரம்கூட வெளியே போக முடியாமல் அவருடைய மனைவியோ மகளோ தவித்துக்கொண்டிருப்பார். இந்த இரண்டு வீடுகளுக்கும் நடுவே என்ன செய்யலாம் என்பதே இந்தப் பாடம்.

ஆதரவு சிகிச்சை என்றால் என்ன?

நோயைக் குணப்படுத்த முடியாத நிலையிலும் வலியை, மூச்சுத்திணறலை, மனத்துயரைக் குறைக்க முடியும். இதுவே ஆதரவு சிகிச்சை, அதாவது பாலியேட்டிவ் கேர். உலகில் ஆண்டுதோறும் சுமார் 5 கோடியே 68 லட்சம் பேருக்கு இது தேவைப்படுகிறது என்றும், அவர்களில் சுமார் 14 சதவீதம் பேருக்கே கிடைக்கிறது என்றும் உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. இதற்கென்றே உள்ள இல்லம்தான் ஹாஸ்பிஸ். இந்தியாவில் 1986-ல் மும்பையில் தொடங்கிய சாந்தி அவேத்னா சதன் இதில் முன்னோடி. ஆனால் போலகம் போன்ற ஊரில் பெரும்பாலான நோயாளிகளுக்கு வீடுதான் ஹாஸ்பிஸ்.

கோழிக்கோடு காட்டிய வழி

நம் யூனியன் பிரதேசத்தின் மாஹேவை ஒட்டியிருக்கும் கோழிக்கோடு மாவட்டத்தில், அரசு மருத்துவக் கல்லூரியில் 1993-ல் டாக்டர் எம்.ஆர்.ராஜகோபால், டாக்டர் சுரேஷ் குமார் ஆகியோர் வலி நிவாரண சங்கத்தைத் தொடங்கினார்கள். மருத்துவர் மட்டும் போதாது, அக்கம்பக்கத்தாரும் வேண்டும் என்பது விரைவிலேயே புரிந்தது. வாரம் 2 மணி நேரம் ஒதுக்கக்கூடியவர்களைச் சேர்த்து, 16 மணி நேர வகுப்பும் 4 நாள் நேரடிப் பயிற்சியும் கொடுத்தார்கள். 2008-ல் கேரள அரசு இதற்கெனத் தனிக் கொள்கையே அறிவித்தது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்திலும் வீட்டுக்கே வரும் ஆதரவு சிகிச்சை உண்டு.

நீங்கள் செய்யக்கூடியவை

1. உட்கார்ந்து கேளுங்கள். இத்தனை வருடம் அலுவலகத்தில் உத்தரவு போட்டுப் பழகியவருக்கு இதுதான் கஷ்டம். அறிவுரை வேண்டாம். "இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள்.

2. கவனிப்பவரை விடுவியுங்கள். "நீங்க குளிச்சுட்டு, கடைக்குப் போயிட்டு வாங்கம்மா, நான் இருக்கேன்" என்று சொல்வது பெரிய உதவி.

3. உடல் பராமரிப்பில் செவிலியர் கற்றுக்கொடுத்ததை மட்டும் செய்யுங்கள். அசைய முடியாதவரை சுமார் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைத்தால் படுக்கைப்புண்ணைப் பெருமளவு தவிர்க்கலாம். மருந்தின் அளவை நீங்களாக மாற்றாதீர்கள். நாட்டு வைத்தியமும் சிபாரிசு செய்யாதீர்கள்.

4. கைபேசி வேலைகளில் உதவுங்கள். நோயாளி பென்ஷன்தாரரா? அவர் சம்மதித்தால், ஜீவன் பிரமாண் செயலியில் முக அங்கீகாரம் மூலம் வீட்டிலிருந்தே ஆயுள் சான்று கொடுக்கலாம். இ-சஞ்சீவனி செயலியில் மருத்துவரிடம் காணொளியில் பேசலாம். வேலை முடிந்ததும் அவருடைய ஆதார் படம், ஓடிபி எதையும் உங்கள் போனில் வைத்திருக்காதீர்கள்.

"அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க"

நீங்கள் சந்திக்கப்போகும் மிகக் கடினமான கேள்வி இதில்தான் இருக்கிறது. மகன் வாசலிலேயே உங்களை நிறுத்தி, புற்றுநோய் என்று அப்பாவுக்குத் தெரியாது என்பார். உள்ளே போனால் அப்பாவோ, "எனக்கு என்னன்னு உங்களுக்காவது தெரியுமா?" என்று கேட்பார். நோயின் பெயரைச் சொல்வது உங்கள் வேலை அல்ல. அதற்காக "ஒண்ணுமில்ல, சரியாயிடும்" என்று பொய்யும் சொல்லாதீர்கள். "உங்களுக்கு என்ன தோணுது?" என்று கேளுங்கள். பல நேரம் அவருக்கே பாதி தெரிந்திருக்கும்; பிள்ளைகள் தாங்கமாட்டார்கள் என்று அவரும் மறைத்துக்கொண்டிருப்பார். "டாக்டர்கிட்ட நேரா கேட்கலாமா?" என்று அவருடைய விருப்பத்தைக் கேட்டு, மருத்துவரிடமும் மகனிடமும் தெரிவியுங்கள். சொல்லவேண்டிய பேச்சுக்கும் முடிக்கவேண்டிய காரியங்களுக்கும் காலம் மீதமிருக்கும்போதே இது நடக்கவேண்டும்.

இறப்புக்குப் பின்

இறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்யவேண்டும். வீட்டில் இறந்தால் தகவல் தருவது குடும்பத்தின் பொறுப்பு. துக்கத்தில் அவர்கள் மறந்துவிடக்கூடும். கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்துக்கு நீங்கள் உடன் செல்லலாம். குடும்ப ஓய்வூதியம், வங்கிக் கணக்கு எல்லாவற்றுக்கும் இறப்புச் சான்றிதழ் தேவை. காரியம் முடிந்து உறவினர்கள் ஊர் திரும்பிய பிறகு ஒருமுறை போய்ப் பாருங்கள். வீடு வெறிச்சோடியிருப்பது அப்போதுதான்.

தொடங்குவது எங்கே?

ஆயுஷ்மான் ஆரோக்கிய மந்திர் மையங்களின் 12 வகைச் சேவைகளில் முதியோர் பராமரிப்பும் ஆதரவு சிகிச்சையும் அடங்கும். உங்கள் பகுதி ஆஷா பணியாளரிடமோ துணை செவிலியரிடமோ பேசுங்கள். எந்த வீட்டில் தேவை இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியும். பயிற்சி பற்றி காரைக்கால் அரசு பொது மருத்துவமனையில் விசாரியுங்கள். முதலில் செவிலியருடன் செல்லுங்கள். தனியாகப் போவது பிறகு. நோயாளியின் படத்தையோ விவரத்தையோ வாட்ஸ்அப்பில் போடக்கூடாது. வாரம் ஒரு வீடு போதும். சொன்ன கிழமையில் தவறாமல் போங்கள், அவர்கள் காத்திருப்பார்கள். மனம் கனத்தால் செவிலியரிடம் பேசுங்கள். 14416 என்ற டெலி-மானஸ் எண்ணிலும் எந்நேரமும் பேசலாம்.