ரிமோட்டை விற்பது வேறு, பழக்கிக் கொடுப்பது வேறு

எலக்ட்ரிகல், எலக்ட்ரானிக்ஸ் சில்லறைச் சாமான் விற்கும் நம் உறுப்பினர்களுக்கு, அதிலும் ஜவ்வாது மலையிலிருந்து இறங்கி வருகிற வாடிக்கையாளரை நம்பிக் கடை நடத்தும் போளூர், செங்கம், ஆலங்காயம் வட்டார அன்பர்களுக்குப் பயன்படும் என்று இதை எழுதுகிறேன். பொருள் சிறியது. சட்டைப் பைக்குள் அடங்கும் ரிமோட். ஆனால் நம் கடைகளில் அதிகமாகத் திரும்பி வருகிற சரக்கும் இதுதான்.

ஜமுனாமரத்தூர், கோவிலூர், நம்மியம்பட்டு, புதூர்நாடு என்று மலையில் எந்தப் பக்கம் போனாலும் வீட்டுக் கூரை மேல் டிஷ் தெரிகிறது. வீடுகள் தள்ளித் தள்ளி இருக்கிற குக்கிராமங்களுக்குக் கேபிள் இழுத்துக் கட்டுப்படியாகாது. 2006 செப்டம்பரில் தமிழக அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தைத் தொடங்கியபின் வீட்டுக்குள் டிவி வந்தது. பிறகு டிஷ்ஷும் செட்டாப் பாக்ஸும் வந்தன. பாட்டுக் கேட்க ஹோம் தியேட்டரோ, ஸ்பீக்கர் செட்டோ வந்தது. இப்போது எல்.இ.டி. டிவி. ஒவ்வொன்றுக்கும் ஒரு ரிமோட். போய்ப் பார்த்தால் மூன்று ரிமோட் கிடக்கும், அதில் இரண்டுக்குப் பின்மூடி இருக்காது, ரப்பர் பேண்டு போட்டிருப்பார்கள்.

இந்த மூன்றையும் ஒன்றாக்கத்தான் யுனிவர்சல் ரிமோட் கேட்டு வருகிறார்கள். நம்மில் பலர் செய்வது என்ன? "எல்லா டிவிக்கும் வேலை செய்யும், கொண்டு போங்க" என்று சொல்லிக் கல்லாவில் பணத்தைப் போடுகிறோம். ஒரு ரிமோட்டில் நமக்கு 40 ரூபாய் நிற்கிறது என்று வைத்துக் கொள்வோம். மேலே போய்ப் பேட்டரி போட்டு அழுத்தினால் டிவி அசையவில்லை. மறுபடி இறங்கி வர அவருக்கு ஒரு நாள் கூலியும் போக வர பஸ் செலவும் ஆகும். நமது 40 ரூபாய்க்கு அவர் இழப்பது பத்து மடங்குக்குக் குறையாது. புளியும் சாமையும் தேனும் விற்ற காசில் வாங்கிப் போனவர் அவர். ரிட்டர்ன் கேட்டுக்கூட வரமாட்டார், அடுத்த முறை வேறு கடைக்குப் போவார். ஊரே அவர் பின்னால் போகும்.

இரண்டு வகைச் சரக்கு

யுனிவர்சல் என்ற பெயரில் நாம் வாங்குவதில் இரண்டு வகை உண்டு. கொள்முதல் செய்யும்போதே பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஒன்று, கோடு வகை. பல கம்பெனி டிவிகளின் சங்கேதங்களை உள்ளேயே பதித்து வைத்திருப்பார்கள். கூட வரும் தாளில் கம்பெனிப் பெயருக்கு எதிரே மூன்று அல்லது நான்கு இலக்க எண்கள் இருக்கும். அந்த எண்ணைக் கொடுத்தால் வேலை செய்யும். தாளில் இல்லாத டிவியானால், தானாகத் தேடும் வசதியைப் போட்டு விட்டு டிவி அணையும் வரை காத்திருக்க வேண்டும். பெயருள்ள கம்பெனி டிவிகளுக்கு இது நல்ல சரக்கு.

மற்றொன்று, கற்கும் வகை. வியாபாரத்தில் 'லேர்னிங் ரிமோட்' என்கிறோம். இதற்குள் எதுவும் இருக்காது. பழைய ரிமோட்டை எதிரே காட்டி அழுத்தினால் அதன் சங்கேதத்தை அப்படியே பிடித்து வைத்துக் கொள்ளும். கம்பெனிப் பெயரே தெரியாத பெட்டிகளுக்கு இதுதான் வழி. தூர்தர்ஷனின் இலவச டிஷ் சேவை 2004 டிசம்பரில் டிடி டைரக்ட் பிளஸ் என்று தொடங்கி, இன்று ஃப்ரீ டிஷ் என்ற பெயரில் நடக்கிறது. மாதக் கட்டணம் கிடையாது என்பதால் மலையில் அதற்கு மதிப்பு உண்டு. ஆனால் அதன் பெட்டியை அவரவர் வெளிக்கடையில் வாங்குகிறார்கள். வெளித்தோற்றம் ஒன்றாக இருக்கும், உள்ளே சங்கேதம் வேறாக இருக்கும். கோடு தாளில் தேடிப் பயனில்லை. இலவச டிவியிலும் இதே சிக்கல்தான். பல கம்பெனிகள் செய்து கொடுத்தவை அவை.

கற்கும் வகையில் ஒரு நிபந்தனை இருக்கிறது. சொல்லிக் கொடுக்க ஆசிரியர் வேண்டும், அதாவது பழைய ரிமோட் உயிரோடு இருக்க வேண்டும். நம் மக்கள் அது முழுக்கச் செத்த பிறகுதான் கடைக்கு வருகிறார்கள். ஆகவே பேட்டரி வாங்க வருகிறவர் "சில பட்டன் அழுத்தமா அமுக்கினாத்தான் வேலை செய்யுது" என்று சொன்னால் அப்போதே சொல்லி விடுங்கள்: "அண்ணா, இது இருக்கும்போதே இன்னொண்ணுல ஏத்தி வச்சுக்குங்க." வியாபாரமும் ஆகும், அவருக்கும் நல்லது.

தாய் ரிமோட்

பழையது செத்துப் போய் வந்தவருக்கு என்ன செய்வது? இங்கேதான் கடைக்காரரின் முதலீடு வருகிறது. உங்கள் பகுதியில் அதிகமாக ஓடுகிற டிவி, செட்டாப் பாக்ஸ் வகைகளில் நன்றாக வேலை செய்கிற அசல் ரிமோட் ஒவ்வொன்றை விற்காமல் தனி டப்பாவில் வைத்துக் கொள்ளுங்கள். இதை நான் தாய் ரிமோட் என்பேன். பின்பக்கம் டேப் ஒட்டி எந்த மாடலுக்கு என்று எழுதி வையுங்கள். பதினைந்து, இருபது தாய் இருந்தால் வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு அங்கேயே ஏற்றிக் கொடுத்து விடலாம். டிவி ரிப்பேர் செய்கிறவரிடம் கேட்டால் உடைந்த செட்டுகளின் ரிமோட் கிடைக்கும். இதில் போடும் பணம் முடங்கிய பணம் என்று நினைக்க வேண்டாம். தராசு வாங்கிப் போட்ட பணத்தைப் போலத்தான் இதுவும்.

வாடிக்கையாளரிடம் பழைய ரிமோட்டைக் கொண்டு வரச் சொல்ல வேண்டும், செத்ததாக இருந்தாலும் சரி. அதோடு டிவியின் பின்னாலும் பெட்டியின் அடியிலும் ஒட்டியிருக்கும் மாடல் சீட்டை செல்போனில் படம் பிடித்து வரச் சொல்ல வேண்டும். மலைக்கு டிஷ் மாட்டப் போகிறவர்கள் மூலமாகச் சொல்லி அனுப்பினால் ஊருக்கு ஊர் செய்தி போய்விடும்.

ஏற்றும் முறை

மாடலுக்கு மாடல் சிறு மாறுதல் உண்டு. பெரும்பாலானவற்றில் நடைமுறை இதுதான். இரண்டு ரிமோட்டிலும் புதுப் பேட்டரி போடுங்கள். சக்தி குறைந்த பேட்டரியோடு ஏற்றினால் பாதிதான் பதியும். இரண்டையும் மேசை மேல், மூக்கோடு மூக்கு பார்க்கும்படி இரண்டு மூன்று விரல்கடை இடைவெளியில் வையுங்கள். புதியதில் 'செட்' பட்டனை விளக்கு நிலையாக எரியும் வரை அழுத்திப் பிடியுங்கள். பிறகு எந்தப் பட்டனுக்குக் கற்பிக்க வேண்டுமோ அதை ஒரு தடவை அழுத்தினால் விளக்கு மினுக்கும். உடனே பழையதில் அதே வேலைக்கான பட்டனை அழுத்துங்கள். விளக்கு சில தடவை மினுக்கி நின்றால் பதிந்து விட்டது. அடுத்த பட்டனுக்குப் போகலாம். எல்லாம் முடிந்ததும் 'செட்' பட்டனை அழுத்தி வெளியே வர வேண்டும்.

கடை வாசல் வெயிலில் வைத்து ஏற்ற வேண்டாம். ரிமோட் பேசுவது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியில். சூரிய ஒளியிலும் அது ஏராளமாக இருக்கிறது. இதே மலையில் காவலூர் வானாய்வகத்தில் 2.3 மீட்டர் தொலைநோக்கியை இருட்டில் வைத்துத்தான் வேலை வாங்குகிறார்கள், நம் ரிமோட்டுக்கும் ஓரளவு நிழல் வேண்டாமா? பழைய சி.எஃப்.எல். விளக்கின் நேரடி வெளிச்சமும் சில சமயம் குழப்பும்.

ரிமோட்டிலிருந்து ஒளி வருகிறதா என்று பார்க்க, அதன் முனையைச் செல்போன் காமிராவுக்குக் காட்டி அழுத்துங்கள். திரையில் வெண்மையாகவோ ஊதாவாகவோ ஒரு புள்ளி மினுக்கும். பின்காமிராவில் தெரியாவிட்டால் முன்காமிராவில் பாருங்கள். சில போன்களில் பின்காமிராவுக்குத் தடுப்புக் கண்ணாடி இருக்கும். இந்தச் சோதனை ஒளி வருகிறது என்று மட்டுமே சொல்லும், சரியான சங்கேதம்தானா என்று சொல்லாது. எதையும் அழுத்தாமலே புள்ளி மினுக்கினால் ஏதோ பட்டன் சிக்கியிருக்கிறது. பேட்டரி வாரத்துக்கு வாரம் தீருகிறது என்கிற புகாருக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

இன்னொரு நுணுக்கம். சில ரிமோட்டுகளில், பிலிப்ஸ் கம்பெனி உருவாக்கிய ஆர்.சி.5 முறையில் வேலை செய்பவற்றில், ஒவ்வொரு தடவை அழுத்தும்போதும் சங்கேதத்தில் ஒரு சிறு குறி மாறும். முதல் அழுத்தமா, இரண்டாம் அழுத்தமா என்று டிவி அதை வைத்துத்தான் அறிகிறது. மலிவான கற்கும் ரிமோட் ஒரே குறியைத்தான் பிடித்து வைத்திருக்கும். விளைவு, 11-ஆம் சேனலுக்கு 1, 1 என்று அழுத்தினால் டிவி ஒரே 1 என்று எடுத்துக் கொள்ளும். சரக்கு பழுது என்று திருப்பி அனுப்புவார்கள். பழுது இல்லை. அந்த டிவிக்குக் கோடு வகையைக் கொடுத்தால் சரியாகி விடும்.

எதை விற்க வேண்டாம்

பல வீடுகளில் புது ரிமோட்டே தேவைப்படாது. செட்டாப் பாக்ஸ் ரிமோட்டுகள் பலவற்றில் ஒரு மூலையில் 'டிவி' என்று எழுதி நான்கைந்து பட்டன் காலியாக விட்டிருப்பார்கள். அவை கற்கும் பட்டன்கள். டிவியின் பவர், சத்தம் கூட்ட, குறைக்க, ஏ.வி. ஆகியவற்றை அதில் ஏற்றி விட்டால் ஒரே ரிமோட்டில் வேலை முடிந்தது. இதைச் சொன்னால் ஒரு விற்பனை போகும். போகட்டும். ஏற்றிக் கொடுத்ததற்கு ஒரு சிறு கூலி வாங்குங்கள், பேட்டரி உங்களிடமே வாங்குவார். அந்த வீட்டில் அடுத்து மிக்ஸி வாங்கும்போது உங்கள் கடைதான் நினைவுக்கு வரும்.

இரண்டாவது, ஒரு பட்டனை அழுத்தினால் டிவி, பெட்டி, ஹோம் தியேட்டர் மூன்றும் வரிசையாக எரிகிற வசதி. நகரத்து வீடுகளுக்கு நல்லது. மலைக்கு நான் சிபாரிசு செய்வதில்லை. பவர் பட்டனின் சங்கேதம் பெரும்பாலும் ஒன்றுதான். அணைந்திருந்தால் எரியும், எரிந்தால் அணையும். கரண்ட் போய் வரும்போது பல பெட்டிகள் தாமாகவே எரிந்து விடும், டிவி உறக்க நிலையில் நின்றுவிடும். இப்போது அந்த ஒற்றைப் பட்டனை அழுத்தினால் டிவி எரியும், பெட்டி அணையும். மறுபடி அழுத்தினால் தலைகீழாக நடக்கும். பாட்டி ஒருத்தி தனியாக உட்கார்ந்து இதோடு போராடுவதைக் காட்டிலும் இரண்டு பட்டனைத் தனித்தனியாக அழுத்தப் பழக்குவது மேல். 'எரிய' ஒன்று, 'அணைய' ஒன்று என்று தனித்தனிச் சங்கேதம் உள்ள சாதனங்களுக்கு மட்டும் இந்த வசதி ஒழுங்காக நடக்கும்.

மூன்றாவது, டிவியில் செருகும் ஸ்டிக் வகைகள், குரல் கேட்டு இயங்கும் ரிமோட்டுகள். இவை ஸ்டிக்கோடு பேசுவது அகச்சிவப்பில் அல்ல, புளூடூத் போன்ற வானொலி அலையில். கற்கும் ரிமோட்டால் அதைப் பிடிக்கவே முடியாது. காமிராவில் புள்ளி தெரியாவிட்டால் விஷயம் புரிந்துவிடும். சிலவற்றில் பவர் பட்டனும் சத்தப் பட்டனும் மட்டும் அகச்சிவப்பில் போகும். அவை பதியும், மற்றவை பதியாது. ஆகவே பாதி பதிந்ததைப் பார்த்துவிட்டு எல்லாம் சரி என்று பொட்டலம் கட்டிவிடக் கூடாது.

விலை உயர்ந்த சரக்கைப் பற்றி

இந்த யோசனை புதிதல்ல. அமெரிக்காவின் ஜெனித் கம்பெனி 1955-இல் கம்பியில்லாமல், டார்ச் போல ஒளி பாய்ச்சும் ரிமோட் கொண்டு வந்தது. வெயில் பட்டாலே டிவி தானாக மாறியது. மறு வருடமே ஒலியால் இயங்கும் வேறு முறைக்குப் போனார்கள். பல கருவிக்கு ஒரே ரிமோட் என்பதை பிலிப்ஸின் அமெரிக்கக் கிளை 1985-இல் கொண்டு வந்தது. ஆப்பிள் கம்ப்யூட்டர் புகழ் ஸ்டீவ் வோஸ்னியாக் 1987-இல் மற்ற ரிமோட்டுகளைப் பார்த்துக் கற்கும் ரிமோட் ஒன்றைத் தனிக் கம்பெனி வைத்து விற்றார். நாம் இன்று டஜன் கணக்கில் வாங்கும் சரக்கின் முன்னோர் அது.

பெரிய நகரங்களில் லாஜிடெக் கம்பெனியின் ஹார்மனி ரிமோட்டுக்கு மவுசு இருந்தது. கம்பெனியின் இணையப் பட்டியலிலிருந்து சங்கேதங்களை இறக்கிக் கொள்வது அதன் முறை. 2021 ஏப்ரலில் அதன் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்து விட்டார்கள். வாங்கியவர்களுக்கு உதவி தொடரும் என்றார்கள் என்றாலும், கம்பெனியை நம்பி நிற்கிற சரக்கு எப்போதும் கம்பெனியைப் பார்த்தபடியே இருக்க வேண்டும். தனக்குள்ளேயே எல்லாம் வைத்திருக்கும் சின்ன ரிமோட்டுக்கு அந்தக் கவலை இல்லை. சிக்னல் கிடைக்காத மலையூருக்கு அதுதான் பொருத்தம்.

கொடுக்கும் முன்

ஏற்றிய ரிமோட்டைத் தாய் ரிமோட்டின் பெட்டியிலோ, கடையில் உள்ள டிவியிலோ அழுத்திப் பாருங்கள். இல்லாவிட்டால் காமிரா சோதனையாவது செய்யுங்கள். வயதானவருக்கானால் பவர், சத்தம், சேனல் என்று ஐந்து பட்டனுக்கு மட்டும் ஏற்றி, பவர் மேல் ஒரு சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுங்கள். 'செட்' பட்டன் தவறி அழுந்தாமல் இருக்க அதன் மேல் டேப் ஒட்டலாம். பிள்ளைகள் அழுத்தி ஏற்றியதைக் கெடுத்துவிட்டார்கள் என்ற புகார் இதனாலேயே பாதி குறையும்.

அடுப்புப் புகை படிகிற வீடுகளில் டிவியின் முன்புறம் உள்ள சிறு கருப்புக் கண்ணாடியில் பிசுக்கு ஏறி, நல்ல ரிமோட்டும் வேலை செய்யாமல் போவது உண்டு. துணியை ஈரமாக்கித் துடைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பில்லின் பின்னால் எந்தத் தாயிலிருந்து ஏற்றினீர்கள், கோடு வகையானால் என்ன எண் என்று எழுதிக் கொடுங்கள். பேட்டரியைக் கழற்றினால் சில மலிவு ரிமோட்டுகள் ஏற்றிய எல்லாவற்றையும் மறந்து விடும். புதிதாக ஒரு சரக்கு எடுக்கும்போது ஒன்றில் மட்டும் ஏற்றி, பேட்டரியைக் கழற்றி, ராத்திரி முழுக்க வைத்திருந்து காலையில் அழுத்திப் பாருங்கள். அது தேறிய பிறகு டஜனுக்கு ஆர்டர் கொடுங்கள்.