முதியோரைப் புறக்கணிப்பினின்றும் காக்க

முதுமையுற்றோர் தம் துயரைத் தாமே எடுத்துரைப்பது அரிது. பெற்ற பிள்ளையைக் காட்டிக்கொடுப்பதாகுமோ என்ற தயக்கம் அவர்கள் நாவைக் கட்டிவிடும். ஆதலின், உற்றாரும் அண்டை வீட்டாரும் கருத்திற் கொள்ளத்தக்கன சில:

• காணச் சென்றால், நலம் விசாரிப்பதோடு நில்லாமல், மேற்கையில் விரல் பதிந்தாற்போன்ற கன்றலோ, நெடுநாள் ஒரே பக்கமாய்க் கிடந்ததனால் உண்டான படுக்கைப்புண்ணோ, வெட்டப்படாத நகமோ, காலியாகிப் பல நாளான மாத்திரை அட்டையோ தென்படுகிறதா என்று கவனித்து, சிறிது நேரமேனும் அவரோடு தனித்துப் பேசுக.

• ஓய்வூதியம் பெறுவோரின் வங்கிப் புத்தகமும் ஏ.டி.எம். அட்டையும் அவர் வசமே இருத்தல் நன்று. வாசித்துக் காட்டப்படாத எந்தப் பத்திரத்திலும் கைநாட்டு வைக்கலாகாது.

• வீட்டையோ நிலத்தையோ தானமாக எழுதி வைப்பவர், தம்மை ஆயுள் பரியந்தம் பராமரிக்க வேண்டுமென்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதுவித்தல் அவசியம். அந்நிபந்தனை மீறப்பட்டால், 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டத்தின் 23-ஆம் பிரிவின்படி அப்பத்திரத்தைச் செல்லாததாக்கக் கோரலாம்.

• ஜீவனத்துக்கு வழியற்ற பெற்றோர், தமிழகத்தில் வருவாய்க் கோட்டாட்சியர் தலைமையில் அமைந்த தீர்ப்பாயத்தில், வழக்கறிஞரின் துணையின்றித் தாமே ஜீவனாம்சம் கோரி மனுச் செய்யலாம். இயலாதவர் பொருட்டு அவரால் அதிகாரம் அளிக்கப்பெற்ற பிறரும் செய்யலாம்.

• ஆலோசனைக்கும் உதவிக்கும் 14567 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண் உண்டு. உயிருக்கே ஆபத்தெனில் 112-ஐ அழைக்க.

பராமரிக்கும் பொறுப்புடையவர் முதியவரை அடியோடு கைவிடுதல் 3 மாதம் வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றமாதலால், ‘அயல்வீட்டு விவகாரம் நமக்கேன்’ என்று வாளாவிராதீர்கள்.