பறிக்கிற கைக்கு எட்டும் தூரத்தில்

புது வீடு கட்டிக் குடிபோன பிள்ளைகள், வீட்டைச் சுற்றி மிச்சமிருக்கும் இடத்தில் என்ன வைக்கலாம் என்று என்னிடம் கேட்கிறார்கள். பெரும்பாலும் மூன்று சென்ட் மனை. வீடு போக இரண்டு பக்கமும் நாலடிச் சந்து, பின்னால் சின்னதாக ஒரு கொல்லை. இந்த இடத்துக்கு நான் சொல்வது ஒன்றுதான்: உங்கள் அடுப்படி தினமும் எதைத் தேடுகிறதோ அதை வையுங்கள். பறிக்காத செடியை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. அதில் பூச்சி விழுந்தது தெரிவதற்குள் பாதி இலை போயிருக்கும்.

1. நாற்றுப் பண்ணைக்குப் போகும் முன் மண்ணைத் தோண்டிப் பாருங்கள். கட்டட வேலை முடிந்த மனையில் மேலே பரப்பிய செம்மண் பெரும்பாலும் அரையடிதான் இருக்கும். அதற்கடியில் சிமென்ட் கலவை, செங்கல் துண்டு, டைல்ஸ் சில்லு எல்லாம் புதைந்து கிடக்கும். சிமென்டும் சுண்ணாம்பும் ஏறிய மண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும் வேரால் எடுத்துக்கொள்ள முடியாது. கொழுந்து வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரியும். உரக்கடையில் எதை வாங்கிக் கொட்டினாலும் இது முழுதாகத் தீராது. நீளம், அகலம், ஆழம் மூன்றும் இரண்டடியாகக் குழி எடுத்து, கசடையெல்லாம் அள்ளி வெளியே போடுங்கள். இரண்டு வாரம் குழியை வெயிலில் ஆறப்போடுங்கள். பிறகு நல்ல தோட்டத்து மண் இரண்டு பங்கு, மக்கிய தொழு உரம் ஒரு பங்கு, இரண்டு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு கலந்து நிரப்புங்கள். மக்காத சாணம் கறையானைத்தான் கூப்பிடும்.

2. நிரப்புவதற்கு முன் அந்தக் குழியில் நாலு குடம் தண்ணீர் ஊற்றிவிட்டு மறுநாள் காலை வந்து பாருங்கள். தண்ணீர் வடியாமல் நின்றால் அங்கே முருங்கையும் பப்பாளியும் வேண்டாம். ஐப்பசி அடைமழையில் வேர் அழுகிச் சாய்ந்துவிடும். அந்த இடத்தைச் சேம்புக்கு விடுங்கள்.

3. நம் ஊரில் வைகாசி, ஆனி, ஆடி மாதங்களில் உச்சிச் சூரியன் வடக்கே நிற்கும். மார்கழியில் நன்றாகத் தெற்கே சாய்ந்துவிடும். வீட்டின் வடக்குச் சந்தில் ஆனி வெயிலைப் பார்த்துவிட்டு எலுமிச்சை நட்டால், கார்த்திகையிலிருந்து தை வரை அது சுவர் நிழலில் நிற்கும். வடக்குப் பக்கம் வெற்றிலை, வல்லாரை போல நிழலும் ஈரமும் கேட்பவற்றுக்கு. காய்க்க வேண்டியதெல்லாம் தெற்கிலும் கிழக்கிலும் இருக்கட்டும்.

4. கறிவேப்பிலையைப் பற்றித்தான் எனக்கு அதிகமாகப் புகார் வருகிறது. “இரண்டு வருஷமாச்சு, முழ உயரம்கூட வளரல” என்கிறார்கள். அது அப்படித்தான், பொறுத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு ஆண்டும் அவசரத்துக்கு மட்டும் பறியுங்கள். ரசத்துக்கான இலையைக் கடையில் வாங்கிக்கொள்ளலாம். விதை போடுவதானால் பழம் கறுத்ததும் சதையை நீக்கி அன்றைக்கே ஊன்றிவிடுங்கள். காயவைத்த விதை முளைப்பது அரிது.

பறிக்கும் முறையில்தான் பலர் தவறுகிறார்கள். ஈர்க்கு ஈர்க்காக அடியிலிருந்து உருவினால் செடி மொட்டைக் குச்சியாக மேலேயே ஓடும். நுனிக் கொழுந்தோடு ஒரு சாண் கிளையை வெட்டி எடுங்கள். வெட்டிய இடத்துக்குக் கீழே இரண்டு மூன்று கிளை வெடிக்கும். பூங்கொத்து வந்தால் கிள்ளிவிடுங்கள். இல்லையென்றால் சத்தெல்லாம் பழத்துக்குப் போகும். ஒன்றிரண்டு கொத்தைக் குயிலுக்கு விட்டுவைத்தால் எனக்குச் சந்தோஷம். புளித்த மோர் ஊற்றும் நம் வீட்டுப் பழக்கம் நல்லதுதான், ஆனால் அது மட்டும் போதாது. ஆண்டுக்கு இரண்டு முறை ஒரு கூடை தொழு உரம் வேண்டும். இலையின்மேல் பறவை எச்சம் போல ஏதாவது ஒட்டியிருந்தால் கூர்ந்து பாருங்கள், அது புழுவாக இருக்கும். வளர்ந்ததும் பச்சை நிறமாகி, ஒரே வாரத்தில் சின்னச் செடியை மொட்டையடித்துவிடும். எலுமிச்சையிலும் இதே புழு வரும். கையால் எடுத்துவிட்டாலே போதும், மருந்து தெளிக்க வேண்டாம். அந்த இலையை நாம் சாப்பிடப்போகிறோம்.

5. முருங்கையைச் சுவரோரத்திலும் மின்கம்பிக்கு அடியிலும் வைக்காதீர்கள். மரம் மெத்தென்று இருக்கும். ஆடிக் காற்றில் முறியும். பிள்ளைகளை ஏறவே விடக் கூடாது. சின்னக் கொல்லைக்கு, பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி உருவாக்கிய பி.கே.எம்.1 விதை முருங்கை ஏற்றது. ஆறாம் மாதமே காய்ப்புக்கு வரும். செடி இரண்டரை அடி உயர்ந்ததும் நுனியைக் கிள்ளுங்கள்; கிளை பரவிக் கைக்கு எட்டும் உயரத்தில் நிற்கும். ஒரு வருடக் காய்ப்பு முடிந்ததும் தரையிலிருந்து மூன்றடி விட்டு வெட்டுங்கள். இதற்குத்தான் பலருக்கு மனம் வராது. வெட்டாமல் விட்டால் கீரை மாடி உயரத்துக்குப் போய்விடும், அப்புறம் துரட்டி தேட வேண்டும். வெட்டினால் நாலைந்து மாதத்தில் மறுபடி காய்க்கும். மழைக்காலத்தில் அடிமரத்தில் கம்பளிப்பூச்சி கும்பலாக அப்பிக்கொண்டிருக்கும். ரோமம் பட்டால் தடித்துப்போகும், வெறுங்கையால் தொடாதீர்கள். கூட்டமாக இருக்கும்போதே சோப்புக் கரைசலை அடித்து அப்புறப்படுத்துங்கள்.

6. வேம்பும் புளியும் மூன்று சென்டுக்கு உரியவை அல்ல. வேம்பின் காற்று வேண்டுமென்றால் தெருவோரத்தில் இடம் பார்த்து வையுங்கள்.

7. பாத்திரம் கழுவும் தண்ணீர் போகும் வழியில் இரண்டு வாழை. தாய்மரத்தோடு ஒரு பக்கக்கன்றை மட்டும் விட்டு மற்றவற்றை எடுத்துவிடுங்கள். துணி துவைத்த நுரைத் தண்ணீரை நாள்தோறும் விடாதீர்கள். ஆர்.ஓ. இயந்திரம் கழித்துவிடும் நீரும் செடிக்கு ஆகாது. அதில் உப்பு ஏறியிருக்கும். எலுமிச்சை முதலில் நுனி கருகிக் காட்டும். பப்பாளி நட ஆசைப்பட்டால் கோ.7 போன்ற ரகத்தைக் கேட்டு வாங்குங்கள். அதில் காய்க்காத ஆண்மரம் என்ற தொல்லை இல்லை.

8. மூலிகைகளில் ஐந்தாறு போதும். துளசிக் கதிரை அடிக்கடி கிள்ளினால் செடி நீண்ட நாள் இருக்கும். கற்பூரவள்ளிக்கு ஒரு கிளையை ஒடித்து ஊன்றினால் போதும். பிரண்டையை வடிகால் உள்ள மேட்டில் வைத்து வேலியில் ஏற்றுங்கள். துவையலுக்கு நறுக்கும்போது கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டால் அரிக்காது. தூதுவளைக்கு முள் உண்டு, நடைபாதையை விட்டுத் தள்ளி வேலியோரம் வையுங்கள். மணத்தக்காளி ஒருமுறை பழுத்துக் கொட்டினால் போதும், அடுத்த மழைக்குத் தானே முளைக்கும். வேலிக்கு ஆடாதோடையும் நொச்சியும் வைத்தால் ஆடு மாடு எளிதில் வாய் வைக்காது.

9. கீழாநெல்லியை நட வேண்டியதே இல்லை, மழைக்குப் பின் தானாக வரும். ஆனால் அதைப் போலவே தோற்றமுள்ள செடிகள் உண்டு. நன்றாகத் தெரிந்தவர் கையால் காட்டாத வரை எந்தச் செடியையும் மருந்தென்று வாயில் வைக்காதீர்கள். சளிக்கு ஆவி பிடிக்க நொச்சி சரி, தொண்டைக் கரகரப்புக்குக் கற்பூரவள்ளி சரி. கண் மஞ்சளித்தாலோ, காய்ச்சல் மூன்று நாள் நீடித்தாலோ முதலில் மருத்துவரிடம் போங்கள். மஞ்சள் காமாலைக்குக் காரணங்கள் பல; இரத்தம் சோதிக்காமல் எதுவென்று தெரியாது. கர்ப்பிணிக்கும் கைக்குழந்தைக்கும் கொல்லை வைத்தியம் வேண்டவே வேண்டாம்.

10. குழந்தைகள் உள்ள வீட்டில் அரளி வேண்டாம். பூஜைக்குப் பூ வேண்டுமென்றால் நந்தியாவட்டை, செம்பருத்தி இருக்கின்றன. மஞ்சள் அரளியின் விதை இதயத்தையே நிறுத்திவிடும் நஞ்சு.

11. ஆடி, ஆவணியில் கீரையும் கொடியும் விதையுங்கள். மரக்கன்றுகளை வடகிழக்குப் பருவமழை தொடங்கும் ஐப்பசியில் நடுங்கள். சித்திரையில் நட்டுவிட்டுத் தண்ணீர் சுமப்பது வீண் பாடு.

12. உங்களிடம் உள்ளதைப் பக்கத்து வீடுகளுக்கும் கொடுத்து வையுங்கள். அடைமழையில் உங்கள் பிரண்டை அழுகிப்போனால் அவர்கள் வேலியில் ஒரு கணு கிடைக்கும். கறிவேப்பிலைப் பக்கக்கன்றை மட்டும் அவசரப்பட்டுப் பிடுங்காதீர்கள். மழை நாளில் தாய்வேரோடு சேரும் இடத்தைக் கத்தியால் துண்டித்துவிட்டு, கன்றை அங்கேயே சில வாரம் விடுங்கள். தனக்கென்று வேர் பிடித்துப் புதுத் துளிர் காட்டிய பிறகு, தாய்மண் உதிராமல் சாக்கில் சுற்றிப் பெயர்த்துக் கொடுங்கள்.