கடனட்டை கேட்டால் வங்கி எதைப் பார்க்கிறது?

ஹட்டன், நுவரெலியா, தலவாக்கலை நகர்களில் கடை நடத்தும் எமது வர்த்தகர்களுக்குக் கடன் கொடுக்கும் கலையைப் புதிதாகக் கற்றுத்தரத் தேவையில்லை. சம்பள நாளை நம்பி அரிசியும் மாவும் கொடுக்கும்போது, அந்த வீட்டில் எத்தனை பேர் தோட்ட வேலைக்குப் போகிறார்கள், இந்த மாதம் எத்தனை நாள் பேர் கிடைத்தது, வேறு கடையிலும் பற்று இருக்கிறதா, போன மாதப் பாக்கி தீர்ந்ததா என்று பார்த்துத்தான் கொப்பியில் எழுதுகிறார்கள். கடனட்டை கேட்டுப் போகும் வர்த்தகரை வங்கி பார்ப்பதும் இதே கண்ணால்தான். அதன் கொப்பி மட்டும் பெரியது.

அந்தக் கொப்பிதான் 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த இலங்கைக் கொடுகடன் தகவல் பணியகம். 'கிரிப்' என்றால் எல்லோருக்கும் தெரியும். அது ஒரு கறுப்புப் பட்டியல் என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. ஒழுங்காகக் கட்டிய தவணையும் அங்கே பதிவாகும், பிந்திய தவணையும் பதிவாகும். நண்பருக்காகப் பிணை நின்று போட்ட கையொப்பமும் அங்கே இருக்கும். கடன் தருவதா, மறுப்பதா என்பது வங்கியின் தீர்மானமே.

வங்கியின் கணக்கு எப்படி ஓடுகிறது? ஒரே வகையைச் சேர்ந்த 100 வாடிக்கையாளரில் 3 பேர் கட்டமாட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு 200,000 ரூபா நிலுவை. கடனட்டைக்குப் பொதுவாக நகையோ காணி உறுதியோ ஈடாக வைக்கப்படுவதில்லை; ஆகவே 70 வீதம் திரும்பாது என்று கொள்வோம். மொத்த நட்டம் 420,000 ரூபா, தலைக்கு 4,200. நிலுவையை மட்டுமன்றி, இன்னும் எடுக்காத எல்லையில் எவ்வளவு எடுக்கப்படலாம் என்பதையும் வங்கி மதிப்பிடும். நெருக்கடி வந்தவர் முதலில் அதைத்தான் எடுப்பார் அல்லவா?

2018 முதல் நடைமுறையிலுள்ள கணக்கியல் நியமத்தின்படி, நட்டம் நேரும்வரை காத்திராமல் முன்கூட்டியே வங்கி பணம் ஒதுக்க வேண்டும். தவணை 30 நாள் பிந்தினாலே பொதுவாக ஆபத்து கூடியதாகக் கொள்ளப்படும். குறைந்தபட்சக் கொடுப்பனவு 90 நாள் கட்டப்படாவிட்டால் அது செயற்படாக் கடன்.

எமது வர்த்தகர்கள் இடறுவது இரண்டு இடங்களில். முதலாவது, நாளாந்த வியாபாரப் பணத்தைக் கணக்கில் வைப்பிலிடாமல் கையோடு கொழும்புக்குக் கொண்டுபோய்ச் சரக்கு எடுப்பது. கடையில் கூட்டம் நெரியலாம். வங்கிக் கூற்றில் வருமானம் தெரியாது. அடுத்தது, அட்டையால் சரக்கு வாங்கிவிட்டு மாதாமாதம் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டுவது. நிலுவை 100,000 ரூபா, மாத வட்டி 2 வீதம், கட்டுவது 5,000 ரூபா என்றால், கடனில் குறைவது 3,000 மட்டுமே. எல்லையை எப்போதும் விளிம்புவரை நிரப்பி வைத்திருப்பவரைக் காசுமுடையில் இருப்பவராகவே வங்கி எண்ணும். வட்டியே வேண்டாம் என்போர் முழுத் தொகையையும் தவணைக்குள் தீர்த்துவிடலாம்.

வட்டி நிலையாக நிற்பதுமில்லை. 2020இல் மத்திய வங்கி கடனட்டை வட்டிக்கு 18 வீத உச்சவரம்பு விதித்தது. 2022 ஏப்ரலில் கொள்கை வட்டியை ஒரேயடியாக 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியபோது அந்த வரம்பும் நீக்கப்பட்டது. அவ்வருடமே அட்டை வட்டி 30 வீதத்தைத் தாண்டியது. பழைய நிலுவையைச் சுமந்திருந்தவர்களுக்குத்தான் அடி விழுந்தது.

வங்கிக்குப் போகுமுன் உங்கள் கிரிப் அறிக்கையை நீங்களே விண்ணப்பித்துப் பெற்றுப் பாருங்கள். தீர்த்த கடன் தீராததாகக் காட்டப்பட்டிருந்தால், கடன் தந்த நிறுவனத்திடம் எழுத்தில் முறையிட்டுத் திருத்துவியுங்கள். பற்றுச்சீட்டுக்களை எறிந்துவிடாமல் வைத்திருப்பது அப்போது உதவும்.